பழைய ரிவோல்வரின் இலக்கமும் முத்திரைகளும்: வாசகர் கேள்விக்குப் பதில்

கேள்வி: என் அப்பாவின் பெயரில் முறையான அனுமதிப்பத்திரத்துடன் ஒரு ஸ்மித் அண்ட் வெசன் .38 ரிவோல்வர் எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பப்பா திருகோணமலை டொக்யார்டில் எழுதுவினைஞராக இருந்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளிக்கிட்டபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி அன்பளிப்பாகக் கொடுத்தது என்று வீட்டில் சொல்வார்கள். பிடியின் அடியில் 'வி' என்ற எழுத்தும் 4இல் தொடங்கும் ஆறிலக்க எண்ணும், கயிறு கட்டும் வளையமும் இருக்கின்றன. சிலிண்டரைத் திறந்தால் உள்ளே வேறொரு ஐந்திலக்க எண் தெரிகிறது. குழல் நாலரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. நிறம் பளபளப்பான நீலக் கறுப்பு. கட்டம் செதுக்கிய மரப்பிடியில் வட்டமான உலோகச் சின்னம். குழலில் நிறையச் சின்ன முத்திரைகள். ஒன்றில் 'நொட் இங்கிலிஷ் மேக்' என்றிருக்கிறது. எண்கள் பொருந்தாததால் இது பாகங்கள் மாற்றப்பட்ட துப்பாக்கியா? தொழிற்சாலையிடம் இதன் வரலாற்றைக் கேட்டு வாங்கலாமா? கொழும்பில் ஒருவர் நிக்கல் பூசினால் பெறுமதி கூடும் என்கிறார். செய்யலாமா?
— உவர்மலை, திருகோணமலை

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் தவறினால் திருத்த முடியாது. நிக்கல் பூச வேண்டாம். பூசுவதற்கு முன் மேற்பரப்பை மெருகுச் சக்கரத்தில் பிடிப்பார்கள். நீங்கள் குறிப்பிட்ட சின்ன முத்திரைகள் அந்தச் சக்கரத்தோடு போய்விடும். உங்கள் துப்பாக்கியின் வரலாற்றில் பாதி அந்த முத்திரைகளில்தான் இருக்கிறது.

இனி, அனுமதிப்பத்திரம் அப்பாவின் பெயரில் இருப்பதால் கீழே சொல்லும் சோதனைகளை அப்பாவே செய்யட்டும். நீங்கள் பக்கத்திலிருந்து டோர்ச் பிடியுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31உடன் முடிவது. இந்த ஆண்டுக்கானது புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். ரவைகளை வேறு அறையில் வையுங்கள். இடப்பக்கத்துக் குமிழை முன்னால் தள்ளிச் சிலிண்டரை இடப்பக்கமாக வெளியே எடுத்து, ஆறு அறைகளையும் வெளிச்சத்தில் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள். மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய் வந்தால், திரும்பவும் பாருங்கள்.

உங்களைக் கலங்க வைத்த ஐந்திலக்க எண்ணுக்கு வருவோம். சிலிண்டரைத் தாங்கி வெளியே திரும்பும் கையும், அது உட்காரும் சட்டகத்தின் வெட்டும் சந்திக்கும் இடத்தில்தான் அதைப் பார்த்திருப்பீர்கள். அது தொடர் இலக்கம் அல்ல. தொழிற்சாலையில் சட்டகம், அந்தக் கை, பக்கத் தகடு மூன்றையும் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தியபின், பூச்சு வேலைக்குப் போய் வரும்போது கலந்துவிடாமலிருக்க அடித்த வேலைத்தள எண் அது. அதற்கும் தொடர் இலக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சட்டகத்திலுள்ள எண்ணும் கையிலுள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் அந்த இரண்டு பாகமும் பிறந்தது முதல் சேர்ந்தே இருக்கின்றன. அது நல்ல செய்தி. இந்த எண்ணைத் தொடர் இலக்கம் என்று எழுதி அனுப்பி, வேறொரு துப்பாக்கியின் விவரத்தை வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அனுமதிப்பத்திரத்திலும் இந்த எண்தான் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஏறியிருந்தால் நீங்களாக எதையும் மாற்றாமல் உரிமம் தந்த அதிகாரியிடம் எழுத்தில் அறிவித்துத் திருத்துங்கள். கைத்துப்பாக்கி விடயம் பாதுகாப்பு அமைச்சுக்கு உரியது.

உண்மையான தொடர் இலக்கம் ஐந்து இடத்தில் இருக்க வேண்டும். பிடியின் அடியில் உள்ளதுதான் தலை எண். இரண்டாவது, சிலிண்டரின் பின்முகத்தில். மூன்றாவது, குழலின் அடிப்பக்கத் தட்டையில்: சிலிண்டரைத் திறந்தபடி துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தால், வெறுங்கோது தள்ளும் கம்பி வழக்கமாகப் படுத்திருக்கும் பள்ளத்தில் தெரியும். நான்காவது, அந்தக் கம்பியை அழுத்தினால் மேலெழும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில். இது மிகச் சின்ன எழுத்து. பழைய எண்ணெய்ப் பிசினை ஒரு பல் துலக்கும் தூரிகையால் தட்டி எடுத்தால்தான் வாசிக்க முடியும். ஐந்தாவது, வலப்பக்கப் பிடிக்கட்டையின் உட்புறத்தில்.

அந்தக் கட்டையைக் கழற்றுவதில்தான் அதிகம் சேதம் நடக்கிறது. ஆணித் தலையின் வெட்டை முழுவதுமாக நிரப்பும் திருப்புளி வேண்டும். மெல்லிய தையல் மெசின் திருப்புளி வெட்டின் விளிம்பைக் கிழித்துவிடும். ஆணியை நாலைந்து சுற்றுத் தளர்த்தி, முழுக்கக் கழற்றாமல், திருப்புளியின் கைப்பிடியால் ஆணித் தலையில் மெதுவாகத் தட்டினால் எதிர்ப்பக்கக் கட்டை தானாக எழும்பும். கத்தி நுனியை இடுக்கில் விட்டு நெம்பினால் மரம் சிம்பு சிம்பாக உடையும். உள்ளே எண் பென்சிலால் எழுதப்பட்டிருந்தால் துடைக்க வேண்டாம். படம் எடுத்தபிறகு அப்படியே விடுங்கள்.

கட்டைகள் கழன்றிருக்கும்போதே இரண்டு விடயம் பார்த்துவிடலாம். பிடிச் சட்டகத்தின் இடப்பக்கத்தில் மாதமும் ஆண்டும் போலச் சின்ன எண்கள் புள்ளியிட்டு அடிக்கப்பட்டிருக்கிறதா, அடியிலுள்ள தொடர் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறதா என்று. நட்சத்திரம் இருந்தால் துப்பாக்கி ஒருமுறை தொழிற்சாலைக்கே திரும்பிப் போய்ப் பெரிய வேலை பார்க்கப்பட்டு வந்திருக்கிறது. அப்படியென்றால் பூச்சு மாறியிருப்பதும் குழல் மாறியிருப்பதும் குறையாக எண்ணப்படாது. பக்கத் தகட்டை மட்டும் திறக்க வேண்டாம். இந்தச் சோதனைக்கு உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. நெம்பித் திறந்தவர்கள் விட்டுப்போன பல் அடையாளம் இந்த வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் இருக்கிறது.

'வி' எழுத்து உங்களுக்கு ஒரு காலத்தைத் தருகிறது. 1942 ஏப்ரல் அளவில் இந்த வரிசையின் எண்கள் பத்து லட்சத்தை எட்டியபோது, தொழிற்சாலை 'வி' எழுத்தைச் சேர்த்து ஒன்றிலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கியது. வெற்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. விக்டரி மொடல் என்ற பெயரும் அதனால்தான். உங்கள் எண் 4 லட்சங்களில் இருப்பதால் 1943ஐ ஒட்டிச் செய்யப்பட்டது எனலாம். அதைவிடத் துல்லியமாக எண்ணைக் கொண்டு சொல்ல முடியாது, ஏனென்றால் இந்த நிறுவனம் எண் வரிசைப்படி துப்பாக்கிகளை அனுப்பவில்லை. 1944 முடிவில், கீழே விழுந்தால் வெடிக்காமலிருக்கும் புதிய தடுப்பு உள்ளே சேர்க்கப்பட்டபின் வந்தவற்றில் 'வி'யோடு 'எஸ்' எழுத்தும் இருக்கும். உங்களுடையது அதற்கு முந்தியது. பழைய தடுப்பு அழுக்கும் பிசினும் சேர்ந்தால் இறுகி நின்றுவிடக் கூடியது. ரவை ஏற்றி வைக்கும் எண்ணம் அப்பாவுக்கு இருந்தால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

1943இல் வெளிவந்த துப்பாக்கி பளபளப்பாக இருக்க முடியாது. போர்க்காலத்தில் மெருகு வேலைக்கு நேரம் இல்லை. மணல் ஊதிச் சொரசொரப்பாக்கி, மங்கிய சாம்பல் கறுப்புப் பூச்சோடு அனுப்பினார்கள். பிடியும் கட்டம் செதுக்காத, சின்னம் பதிக்காத வழுவழுப்பான வால்நட் மரம். ஆகவே உங்களிடமிருக்கும் நீல மெருகு பிறகு பூசப்பட்டது. சின்னம் வைத்த கட்டம் போட்ட பிடி வேறொரு துப்பாக்கியினுடையது அல்லது பின்னால் வாங்கிப் போட்டது. அந்தப் பிடியின் உட்புற எண் உங்கள் எண்ணோடு பொருந்தாது என்று எதிர்பார்த்தே கழற்றுங்கள்.

மறுபூச்சை இன்னொரு வழியிலும் உறுதிப்படுத்தலாம். சன்னலோரம் நின்று துப்பாக்கியை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஆணித் துளைகளின் வாய் கூர்மையாக இல்லாமல் உள்ளே சரிந்து கிண்ணம் போலிருந்தால், பக்கத் தகட்டின் விளிம்புக் கோடு கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிந்தால், எழுத்துகளின் ஓரம் உருண்டிருந்தால், மெருகுச் சக்கரம் போயிருக்கிறது. நீலப் பூச்சுக்கு அடியில் துருக்குழிகள் தெரிந்தால் ஐயமே இல்லை. ஹாமரையும் விசையையும் பாருங்கள்: தொழிற்சாலை அவற்றுக்கு நெருப்பில் கடினப்படுத்திய பலவண்ண மேற்பரப்பே தந்தது. அவையும் நீலமாகவோ நிக்கலாகவோ இருந்தால் வெளிப் பட்டறை வேலை.

சட்டகத்தின் மேல்பட்டையில், இடப்பக்கம், 'யூ.எஸ். ப்ரொபர்ட்டி ஜி.எச்.டி.' என்ற வரி இருக்க வேண்டும். ஜி.எச்.டி. என்பது அமெரிக்க இராணுவப் பரிசோதனை அதிகாரியின் முதலெழுத்துகள். 1941 மார்ச்சில் நிறைவேறிய, நட்பு நாடுகளுக்குப் போர்த் தளபாடங்களை இரவலாகக் கொடுக்க வழிசெய்த லெண்ட்-லீஸ் சட்டத்தின்படி பிரித்தானியாவுக்குப் போனவை அமெரிக்க அரசின் சொத்தாகவே முத்திரையிடப்பட்டன. நீங்கள் அந்த வரியைப் பற்றி எழுதவில்லை. சில துப்பாக்கிகளில் பின்னால் விற்றவர்கள் அதை அராவி எடுத்திருக்கிறார்கள். ஒரு நேர்விளிம்பை அந்தப் பட்டையில் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் அராவல்தான்.

குழலின் நீளத்தில் உங்கள் அளவு பிழை என்றே நினைக்கிறேன். சட்டகத்துக்கு வெளியே தெரியும் பகுதியை மட்டும் அளந்திருப்பீர்கள். ரிவோல்வரின் குழலைச் சிலிண்டரின் முன்முகத்திலிருந்து வாய் வரை அளக்க வேண்டும். சட்டகத்துக்குள் நுழைந்திருக்கும் துண்டும் குழல்தான். அப்படி அளந்தால் 127 மில்லிமீற்றர், அதாவது 5 அங்குலம் வரும். பிரித்தானியாவுக்குப் போனவற்றின் வழக்கமான நீளம் அதுவே. குறைவாக வந்தால் வெட்டப்பட்ட குழலா என்று பாருங்கள். முன்குறியின் அடியில் ஈயம் ஒட்டிய கோடு, வாய்விளிம்பு ஒருபக்கம் சரிந்திருத்தல், பக்க எழுத்துகள் நடுவில் இல்லாமல் வாயை நோக்கி ஒதுங்கியிருத்தல், இவை வெட்டியதன் அடையாளம்.

இப்போது 'நொட் இங்கிலிஷ் மேக்'. உங்கள் குடும்பக் கதையைத் தொடும் இடம் இது. பிரித்தானியப் படைகளின் சொந்த ஆயுதங்களுக்குச் சட்டப்படியான வர்த்தகச் சோதனை முத்திரை தேவையில்லை. பொதுமக்களுக்கு விற்பதற்கு முன்தான் லண்டனிலோ பேர்மிங்ஹாமிலோ உள்ள சோதனை மன்றத்தில் கூடிய அழுத்த ரவை சுட்டுச் சோதித்து முத்திரை பெற வேண்டும். வெளிநாட்டுத் தயாரிப்பு என்பதைக் காட்ட 'நொட் இங்கிலிஷ் மேக்' என்று அடித்தது 1925இல் தொடங்கி 1950களின் நடுப்பகுதி வரை. அதனுடன் கிரீடத்தின் கீழ் பேர்மிங்ஹாம் மன்றத்தின் சோதனையைக் குறிக்கும் பி.என்.பி. என்ற எழுத்துகளும், '.38', '.767', '3½ டன்' என்ற குறிப்புகளும் இருக்கிறதா பாருங்கள். .767 என்பது அங்குலக் கணக்கில் ரவைக் கோதின் நீளம். 3½ டன் என்பது சதுர அங்குலத்துக்கு அழுத்தம்.

இந்த முத்திரைகள் உள்ள லெண்ட்-லீஸ் துப்பாக்கி பெரும்பாலும் போருக்குப்பின் உபரியாக விற்கப்பட்டு, இங்கிலாந்தில் ஒரு வியாபாரியின் கைக்கு வந்து, சோதனை மன்றத்துக்குப் போய், அதன் பிறகு பயணப்பட்டது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் ஆயுதக் களஞ்சியத்திலிருந்து நேரே உங்கள் அப்பப்பாவின் கைக்கு வந்த துப்பாக்கியில் அவை இருப்பதற்கு வழியில்லை. அதற்காகக் கதை பொய்யென்று ஆகிவிடாது. அந்த அதிகாரி இங்கிலாந்தில் தன் சொந்தப் பணத்தில் வாங்கிக் கொண்டுவந்த துப்பாக்கியாக இருக்கலாம். அப்படியானால் அன்பளிப்பு உண்மை, 'நேவித் துப்பாக்கி' என்பது மட்டும் உண்மையில்லை. அல்லது இலங்கையிலிருந்த ஆயுத வியாபாரி ஒருவர் இறக்குமதி செய்ததை அப்பப்பா விலைக்கு வாங்கியிருக்கலாம்.

எது என்று பிரித்தறிய இன்னொரு முத்திரை உதவும். குறுக்காகப் போட்ட இரண்டு ஈட்டிகளும் அவற்றின் இடைவெளிகளில் எழுத்துகளும் எண்ணும் கொண்ட சின்னம் குழலிலோ சட்டகத்திலோ இருக்கிறதா பாருங்கள். பேர்மிங்ஹாம் மன்றத்தின் இரகசிய ஆண்டுக்குறி அது. ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும், எண் பரிசோதகரைச் சொல்லும். சோக்குத்தூளை விரலால் தேய்த்து, மேலே துடைத்துவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். உடனே எண்ணெய்த் துணியால் துடையுங்கள். சோக்கு ஈரத்தை இழுக்கும். அழிந்த எழுத்தைக் கொண்டுவருவதற்கு அமிலம் தடவச் சொல்வார்கள். செய்யாதீர்கள், சாய்ந்த வெளிச்சமே போதும்.

அறைகளையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். இங்கிலாந்து உபரிகளில் பல .38 ஸ்பெஷல் ரவை போகும்படி பின்னால் குடையப்பட்டவை. குழலின் பக்கத்தில் 'ஸ்பெஷல்' என்ற சொல் இல்லாமல் .38 எஸ் அண்ட் டபிள்யூ என்று மட்டும் இருந்தால் அசல் ரவை கட்டையானது, அகலம் சற்றுக் கூடியது. ஒரு தென்னை ஈர்க்கை அறையின் சுவரை ஒட்டிப் பின்பக்கமிருந்து தள்ளுங்கள். படியில் தட்டி நிற்கும் இடத்தை நகத்தால் அடையாளமிட்டு அளந்தால், அசல் அறையில் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் வரும். குடைந்த அறையில் 29க்குக் கிட்ட வரும், டோர்ச் அடித்தால் 20இல் மெல்லிய வளையம் ஒன்றும் தெரியும். குடைந்தவை ஆபத்தானவை. ஸ்பெஷல் ரவையின் கோது ஒல்லியானது. அகலமான பின்பகுதியில் ஊதி வெடிக்கும். ஆறு அறையையும் அளந்து எழுதிவையுங்கள். எந்த விடை வந்தாலும் சுட்டுப் பார்க்க வேண்டாம்.

தொழிற்சாலை வரலாறு வாங்கலாம். ஸ்மித் அண்ட் வெசன் வரலாற்று அறக்கட்டளை, பழைய அனுப்பீட்டுப் பதிவேடுகளைப் பார்த்து, கட்டணம் பெற்று உறுதிக் கடிதம் தருகிறது. துப்பாக்கியையோ அதன் எந்தப் பாகத்தையோ அனுப்பத் தேவையில்லை. அனுப்பவும் கூடாது, அது இலங்கை, அமெரிக்கா இரண்டு நாட்டுச் சட்டத்திலும் சிக்க வைக்கும். விண்ணப்பத்தோடு இரண்டு பக்கத்தின் முழுப் படங்கள், பிடியடியின் படம், முத்திரைகளின் கிட்டப்படங்கள் போதும். இலக்கத்தை 'வி'யோடு எழுதுங்கள். 'வி'யை விட்டால் பழைய வரிசையில் அதே எண்ணுள்ள வேறு துப்பாக்கியைத் தேடுவார்கள். குழல் நீளம் 127 மில்லிமீற்றர் என்று சரியாக அளந்ததையே கொடுங்கள். பிடி மாற்றியது, பூச்சு மாற்றியது என்று உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள். மறைத்தால் பதிவாளர் குழம்புவார், பயன் உங்களுக்குத்தான் இல்லாமல் போகும்.

கடிதத்தில் என்ன வரும் என்பதில் தெளிவாயிருங்கள். எந்த நாளில், யாருக்கு, எந்த ரவைக்கு, எந்தக் குழல் நீளத்தில், எந்தப் பூச்சில், எந்தப் பிடியோடு அனுப்பப்பட்டது என்பதே அதன் சாரம். போர்க்கால ஒப்பந்தத் துப்பாக்கி என்றால் 'யாருக்கு' என்ற இடத்தில் ஓர் அரச களஞ்சியத்தின் பெயரே இருக்கும். அதே நாளில் அதே இடத்துக்குப் பெருந்தொகையாகப் போயிருக்கும். எந்தக் கப்பலில் இருந்தது, எந்த அதிகாரியின் இடுப்பில் தொங்கியது, 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட கதையோடு தொடர்புண்டா என்பதெல்லாம் அதில் வராது. கடைசிக் கேள்விக்கு விடை இப்போதே தெரியும்: 1943ஐ ஒட்டிச் செய்த துப்பாக்கி 1942இல் இங்கே இருந்திருக்க முடியாது. யாராவது அப்படிச் சொல்லி விலை பேசினால் நம்பாதீர்கள்.

மீதி விடை உங்கள் வீட்டுப் பெட்டியில்தான் தேட வேண்டும். அப்பப்பாவின் பெயரில் வந்த முதல் அனுமதிப்பத்திரம் எந்த ஆண்டு என்பதே திறவுகோல். சிலோன் காலத்து ஆங்கிலப் பத்திரமாக இருக்கும். அதில் துப்பாக்கியின் வகையும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும், 'வி' விடுபட்டிருந்தாலும் ஆறு இலக்கமும் பொருந்தினால் போதும். அந்த ஆண்டு 1957ஓ 1958ஓ என்றால் அன்பளிப்புக் கதைக்கு வலு கூடும். பத்திரத்தின் ஆண்டு, ஈட்டிச் சின்னத்தின் ஆண்டுக்குப் பிந்தியும் 1957க்கு முந்தியும் இருந்தால் கடையில் வாங்கியிருக்கும் வாய்ப்பே அதிகம். பழைய பற்றுச்சீட்டு ஏதாவது இருக்கிறதா தேடுங்கள். போருக்கு முந்திய பத்திரம் ஒன்று கிடைத்தால் அது வேறொரு துப்பாக்கிக்கு உரியது. வீட்டில் ஒன்றுமில்லையென்றால், அப்பா தன் பத்திரத்தின் பிரதியோடு மாவட்டச் செயலகத்தில், பழைய கச்சேரிப் பதிவேட்டில் அப்பப்பாவின் பெயர் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்கட்டும். டொக்யார்ட் வேலைச் சான்றிதழ்களையும் கூடவே வையுங்கள். அவை துப்பாக்கியைப் பற்றிப் பேசாது, ஆனால் அப்பப்பா அந்த ஆண்டுகளில் அங்கே இருந்தார் என்பதை நிறுவும். அதிகாரியின் பெயர் ஒரு நற்சான்றுக் கடிதத்தில் இருந்தாலும் இருக்கும்.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. உவர்மலையில் கடல்காற்று வீட்டுக்குள்ளேயே உப்பைக் கொண்டுவரும். தோலுறைக்குள் வைத்தால் தோல் ஈரத்தைப் பிடித்து, உறை தொட்ட இடமெல்லாம் துரு குழி பறிக்கும். உறையைத் தனியாகவும் துப்பாக்கியை மெல்லிய துப்பாக்கி எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றிப் பூட்டிய பெட்டியிலும் வையுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகும். பிராசோவும் மண்தாளும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். துருப்புள்ளி இருந்தால் எண்ணெயில் ஒரு நாள் ஊறவிட்டு, கூர் மழுக்கிய மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், குழி இருக்கட்டும். இப்போதிருக்கும் சின்னம் வைத்த பிடியைக் கழற்றி எறிய வேண்டாம். பின்னொருநாள் போர்க்கால வழுவழுப்புப் பிடி கிடைத்து மாற்றினாலும், இதை ஒரு சீட்டெழுதிப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள். அப்பப்பாவின் கை பிடித்தது இந்தப் பிடியைத்தான் என்பதற்கு வாய்ப்பு அதிகம்.